நிவெஸ் திருப்பிச் சொன்னது

"அப்ப இந்த இலாரியா குளிக்கவே மாட்டா. கட்டிலே கதின்னு கிடந்தா. நான்தான் இழுத்துட்டுப் போயி தலையைத் தேச்சுவிட்டேன். சிக்கு எடுக்கவே ஒரு சாயந்தரம் ஆச்சு" என்று நிவெஸ் சொன்னபோது, ஜினெவ்ராவின் முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுபோனது. இலாரியா மேசைக்கு அடியில் நிவெஸின் காலை மிதித்தாள். அதைப் புரிந்துகொள்கிற ஜென்மமா அது? "ஏண்டி மிதிக்கிற? நல்லதைத்தானே சொல்றேன்" என்று சத்தமாகவே கேட்டுவிட்டு, ஜினெவ்ராவின் பக்கம் திரும்பி, "இப்பப் பாரேன், எப்படி இருக்கா" என்றாள், சந்தையில் மாட்டைக் காட்டுகிறவள் போல.

ஜினெவ்ரா நல்ல வீட்டுப் பெண். சிரித்தாள். "பாவம்" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அந்த ஒற்றைப் 'பாவ'த்துக்காக நிவெஸைக் கொன்று போட்டாலும் தகும் என்று இலாரியாவுக்கு இருந்தது.

மாசக்கணக்கில் பாடுபட்டுப் பிடித்த சிநேகிதி ஜினெவ்ரா. ட்ரியெஸ்தே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள், இலாரியாவின் வகுப்பு. இலாரியா இருந்த வீடு வேறு மாதிரி. படிக்கிற காலத்தில் மனம் நொடித்துப்போன பிள்ளைகளைத் திரும்பப் படிப்பில் உட்கார வைக்கிற விடுதி அது. மூன்று மாடிகளில் பிள்ளைகளும், அவர்களைப் பார்த்துக்கொள்ள முறைவைத்துத் தங்கும் ஃபுல்வியோவும் அவருடைய ஆட்களும். திங்கட்கிழமை தோறும் கூட்டம். படிப்பு, நாலு பேரோடு பழக்கம், உடம்பு என்று மூன்றைப் பற்றியும் ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். மூன்றும் சமமாக வரவேண்டும் என்பது ஃபுல்வியோவின் வேதம். இலாரியாவுக்குப் படிப்பு திரும்பி வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் பேராசிரியரே எழுந்து கைகொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. உடம்பும் தேறிவிட்டது. பழக்கம் என்ற இடத்தில்தான் வாரா வாரம் முழிப்பாள். "அதான் நிவெஸ் இருக்காளே" என்று சொல்லிப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள இருக்கிறவங்க கணக்குல வர மாட்டாங்க, இலாரியா. வெளிய யாராவது?" என்று ஃபுல்வியோ பதமாகக் கேட்பார். பதமாகத்தான் கேட்பார், அந்த மனுஷருக்குக் கடுமையாகப் பேசவே தெரியாது. அந்த வெளியாளாகத்தான் ஜினெவ்ராவை அன்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

அதே கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒரு சின்ன வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, தூரத்தில் ஒரு துண்டுக் கடல். காலையில் கதவைத் தட்டி மாத்திரை போட்டாயா என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. ஒருவரை ஒருவர் மனதார ஏற்றுக்கொண்ட இரண்டு பேருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பிப்ரவரி முடிவில் காலியாகிறது. இலாரியாவும் நிவெஸும் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே சேர்ந்து கேட்டிருந்தார்கள். கடல் தெரிகிற அறை யாருக்கு என்று சண்டைகூட ஆகிவிட்டது. இலாரியாவுக்குக் கீழே இருக்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. நிவெஸுக்கு இல்லை. கீழ் மாடிகளில் இரண்டு வருஷம்தான் கெடு, அதற்குமேல் நாலாவது மாடி, இல்லாவிட்டால் சொந்த வீடு. நிவெஸின் சொந்த வீடு மொன்ஃபால்கோனே என்ற பக்கத்து ஊரில் இருந்தது. அங்கே அவள் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிய பிறகு அவள் அம்மா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். "கதவுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்து ஜெபமாலை உருட்டுவா எங்கம்மா. நான் தண்ணி ஊத்துற சத்தம் நின்னா ஜெபமும் நின்னுரும்" என்று நிவெஸ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒருநாள் மட்டும், சிரித்து முடித்துவிட்டு, "அங்க திரும்பப் போனா நான் பொழைக்க மாட்டேண்டி" என்றாள். அதை இலாரியாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

சாப்பாட்டுக்கு வந்துபோன பிறகு ஜினெவ்ரா குறுஞ்செய்திக்குப் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்துக் காப்பிக் கடையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். இலாரியா பக்கத்தில் போனதும், காலி நாற்காலியில் தன் பையைத் தூக்கி வைத்து, "யாரோ வர்றாங்க" என்றாள். இலாரியா நின்றுகொண்டே காப்பியைக் குடித்தாள். மெதுவாகத்தான் குடித்தாள். யாரும் வரவில்லை.

ஜினெவ்ராவிடம் கோபப்பட முடியுமா? அவளிடம் கோபப்பட்டால் இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய்விடும். நிவெஸிடம் படலாம், அவள் எங்கே போகப்போகிறாள்? அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருந்தது, அதை இலாரியா தனக்குத் தானே சொல்லிக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. நிவெஸ் இருக்கிற வரைக்கும் அந்த அழுக்குத் தலையும் இருக்கும். அதைப் பார்த்த கண் இரண்டும் எதிர் அறையிலிருந்து தினமும் காலையில் வணக்கம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை, நிவெஸ் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில், விடுதியிலேயே இருந்த எலெத்ராவின் அறைக்குப் போனாள். எலெத்ரா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருஷம் முழுக்க யாரிடமும் நாலு வார்த்தை பேசாதவள். "நாலாவது மாடிக்கு என்கூட வர்றியா?" என்று கேட்டதற்கு ஒரு காதை மட்டும் திறந்து, "சரி" என்றாள். அவ்வளவுதான் வேலை.

கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. 'நீ இப்படி' என்று யாரும் யாரையும் சொல்லக் கூடாது, 'எனக்கு இப்படி இருக்கு' என்றுதான் சொல்லலாம். யாரைப் பற்றிய பேச்சோ அவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கடைசியில் நன்றி. யார் பாலை யார் குடித்தது, யார் துணியை யார் எடுத்து வெளியே போட்டது என்கிற சண்டைகளுக்காக வைத்த முறை. அதற்கு நன்றாகத்தான் பயன்பட்டது.

திங்கட்கிழமை வெளியே போரா காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. இலாரியா கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்த குரலில் சொன்னாள்: "நிவெஸ்கூட இருக்கும்போது எனக்கு மூச்சு முட்டுது. நாலாவது மாடிக்கு எலெத்ராகூடப் போறதுதான் எனக்கு நல்லதுன்னு தோணுது."

"நிவெஸ், நீ கேட்டதைச் சொல்லு" என்றார் ஃபுல்வியோ.

நிவெஸ் சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். "அன்னைக்கு அந்தப் பொண்ணு முன்னாடி நான் உளறிட்டேன்னு இவளுக்குக் கோவம். ஆறினா சரியாப் போயிரும்."

"அதைத்தான் சொன்னியா, இலாரியா?"

"இல்ல. கோவம் இல்ல."

"இன்னொரு தடவை, நிவெஸ். அவசரமே இல்ல."

"கொஞ்ச நாள் தனியா இருக்கணும்ங்கிறா. இந்த வருஷம் எலெத்ரா, அடுத்த வருஷம் வேணும்னா..."

"அடுத்த வருஷமும் இல்ல."

நிவெஸின் சிரிப்பு போய்விட்டது. பிறகு, "என்னைப் பாத்தா இவளுக்குத் தன் சீக்கு ஞாபகம் வருது" என்றாள். இலாரியா சொல்லாதது அது, ஆனால் அதுதான் விஷயம். ஆமா என்றிருக்கலாம். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் மிச்சமாக ஏதோ ஒன்று தங்கியிருக்கும். எல்லோருக்கும் முன்னால் சீக்கு என்ற சொல்லைப் போட்டு உடைத்துவிட்டாளே என்று இலாரியாவுக்குக் குப்பென்று ஏறியது. "அது மட்டும் இல்ல" என்றாள். "எனக்கு அவளைப் பாத்தா வெக்கமா இருக்கு. அவ எனக்குத் தெரிஞ்சவன்னு நாலு பேருக்குத் தெரியறதே எனக்கு வெக்கமா இருக்கு."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதுதான். எல்லாம் எனக்கு, எனக்கு, எனக்கு. முறையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஃபுல்வியோகூட ஒரு கணம் வாயைத் திறந்தார், குற்றம் ஏதும் கிடைக்காமல் மூடிக்கொண்டு, நிவெஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நான் இவளுக்குத் தெரிஞ்சவன்னு நாலு பேருக்குத் தெரியறது இவளுக்கு வெக்கமா இருக்கு" என்றாள் நிவெஸ். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆமா. அதைத்தான் சொன்னேன்."

"நன்றி" என்றாள் நிவெஸ், சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதால்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் ஃபுல்வியோ இலாரியாவின் தோளைத் தொட்டார். "கஷ்டமான விஷயம். ஆனா எவ்வளவு தெளிவாச் சொன்ன. போன வருஷம் உன்னால இப்படி வாயத் திறந்திருக்க முடியுமா? வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். இதுதாம்மா தேறி வர்றதுங்கிறது. வெள்ளிக்கிழமை சாவி வாங்கிக்க." இலாரியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம். அறைக்குள் வந்து கதவைச் சாத்தியபோது எதிர் அறையில் நிவெஸ் அம்மாவோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது. "மாச முடிவுல வந்துர்றேம்மா... இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்... வேண்டாம்மா, தாழ்ப்பாள் எல்லாம் திரும்ப ஒண்ணும் மாட்டவேண்டாம், அப்படியே இருக்கட்டும்." இலாரியா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினாள், அவசியத்துக்கு மேலே நெடுநேரம்.

வியாழக்கிழமை நிவெஸின் சமையல் முறை. பயறும் புளித்த முட்டைக்கோசும் போட்டு ஒரு பெரிய பானை நிறைய யோட்டா சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலை நிரப்ப வந்த இலாரியா, அவளைப் பார்த்ததும் திரும்பிப் போகலாமா என்று யோசித்தாள். அதற்குள் நிவெஸ், "நல்லவேளை வந்த" என்றாள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. "அன்னைக்குத் தப்புத் தப்பாச் சொல்லிட்டேன்ல? எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. இந்த மூணு நாளா உக்காந்து சொல்லிச் சொல்லிப் பாத்தேன். இப்ப ஒரு பிழை இல்லாம வருது. கேக்கிறியா?"

"வேண்டாம், நிவெஸ்."

"கேளுடி. சின்னதுதான்." கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தேர்வு மேசைக்கு முன்னால் நிற்பவளைப் போல நிமிர்ந்து நின்றாள். "என்கூட இருந்தா இலாரியாவுக்கு மூச்சு முட்டுது. இந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷமும் இல்ல. நான் அவளுக்குத் தெரிஞ்சவன்னு நாலு பேருக்குத் தெரியறது அவளுக்கு வெக்கமா இருக்கு. ஊருக்குப் போனா நான் பொழைக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னா." ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. "சரியா? ஏதாச்சும் விட்டுட்டேனா?"

கிண்டலா நிஜமா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தாள் இலாரியா. தெரியவில்லை. புருவத்தை உயர்த்தி, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருக்கிற முகமாகத்தான் இருந்தது.

"ஆமான்னு சொல்லு" என்றாள் நிவெஸ், கொஞ்சம் கெஞ்சுகிற குரலில். "நீ சொன்னாத்தானே நான் நன்றி சொல்ல முடியும்."

எலெத்ரா காதில் பாட்டோடு உள்ளே வந்து, குளிர்பெட்டியைத் திறந்து, பாலை எடுத்துக்கொண்டு போனாள். யோட்டா பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அடுப்பின் நீலத் தீ சீறி மஞ்சளாக மாறியது. கருகல் நாற்றம் கிளம்பியது, பானையின் மூடி தடதடவென்று ஆடியது. கை எட்டுகிற தூரத்தில் நின்ற இருவரில் ஒருத்தியும் தீயைக் குறைக்கவில்லை.