மண் செரிக்காத மேற்பூச்சு

சொல்லின் சுவையறிந்த பெருமக்களே, எழுந்து வாருங்கள்! வாளேந்தாமல், குருதி சிந்தாமல், மெருகு பூசிக்கொண்டு நிகழ்ந்த தீங்கொன்றிற்குச் சான்றாக நிற்க உங்களை அழைக்கிறேன்.

அதோ, மழை ஓய்ந்த காலை. ஆற்றின் வளைவில் கூரைகளெல்லாம் நீர் சொட்டி ஒளிர, கதிரொளி ஈரச் சுவர்களில் ஏறி இறங்கி விளையாட, அவற்றிடையே நீண்டு கிடக்கிறது ஒரு தோல் பதனிடும் கூடம். மரப்பட்டைச் சாறு நிறைந்த குழிகள் தேன்நிறத்தில் விழித்துக் கிடக்கின்றன. அச்சாற்றைத் திங்கள் பலவாய்ப் பருகி முதிர்ந்த தோல்கள், மாலைவானைக் கிழித்து உலர்த்தியவை போலக் கொடிகளில் அசைகின்றன. வாயிலின் மேலுள்ள பலகையோ, ‘மண்ணில் விளைந்த பட்டை, மண்ணுக்கே மீளும் தோல், நெகிழி துளியும் இல்லை’ என்று உலகை நோக்கி உறுதி கூறுகிறது.

அவ்வுறுதியை எழுதியவரை ஊரார் பட்டைக்காரர் என்றே அழைத்தனர். விற்பனைக்குப் பைகள் தைக்க வெட்டி எஞ்சிய தோல்துண்டுகளை மூட்டையாகக் கட்டி, கூடத்தின் பின்புறம் கீரையும் காயும் விளைவித்து வாழ்ந்த தம் தமக்கையின் தோட்டத்தில் கொட்டுவது அவர் வழக்கம். அவற்றை அவள் சருகோடு சேர்த்துப் புதைப்பாள், மழை அரித்து, புழு தின்று, தோல் மண்ணாகும், மண் கீரையாகும்.

ஆனால் வாங்குவோர் இருக்கிறார்களே! துளி பட்டால் மறு விழுகிறதென்றனர்; வெயில் பட்டால் கருக்கிறதென்றனர்; முகஞ்சுளித்துப் பைகளைத் திருப்பித் தந்தனர். நல்ல தோல் வெயிலையும் மழையையும் தன்மேல் எழுதிக்கொள்ளும் என்று வழக்காடி அலுத்த பட்டைக்காரர், ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, விரித்த தோலின் மேல் நீர்போல் தெளிந்த நெகிழிப் பூச்சொன்றைத் தூரிகையால் தடவினார். மறு மறைந்தது, விற்பனை மலர்ந்தது, பலகை மட்டும் மாறவில்லை. முழுத்தோலில் பூசிய பின்னரே வெட்டுவது அவர் முறையாதலால், எஞ்சிய துண்டுகளும் அப்பூச்சைச் சுமந்தே தோட்டம் சென்றன. அதை அவர் அறியாமலில்லை. அறிந்தும், மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் வேறுபக்கம் பார்த்தார்.

மழைக்காலங்கள் சில கழிந்தன. இதோ, கூடத்தின் முகப்பில் ஒரு பெண் விற்பனைக்கு வைத்த தோள்பையொன்றை எடுத்துத் தடவியபடி நிற்கிறாள்.

“முழுக்க இயற்கைதானேங்க? வீட்டுல கைக்குழந்தை வாயில வச்சுக் கடிக்கும், அதான் கேக்குறேன்.”

“போர்டுலயே போட்டிருக்கேம்மா” என்றார் அவர், பலகையைப் பாராமல்.

அந்நேரம் சேற்றுக்காலோடு நுழைந்த தமக்கை, கூடையொன்றை வெட்டுமேசையில் கவிழ்த்தாள். ஊடுருவித் தெரியும் படலங்கள் குவிந்தன.

“அய்யோ, பாம்புச் சட்டையா?” என்று விலகினாள் வாங்க வந்தவள்.

“பாம்பா இருந்தாப் பரவாயில்லையேம்மா. இது என் தம்பி கழட்டிப் போட்ட சட்டை!”

தோலை மண் உண்டுவிட்டது; பூச்சை அது தீண்டவில்லை. தோலின் மயிர்க்கண் ஒவ்வொன்றும் அச்சாகப் பதிந்து, இறந்த உடலின் நிழல்போல அப்படலங்கள் மின்னின.

“மெல்லிசாத்தான் பூசினேன் அக்கா…”

“பூசினது மெல்லிசுதான்டா. சொல்லாம விட்டதுதான் கனக்குது. என் தம்பி தோல் போட்டு வளர்த்த கீரைன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டிருந்தேனே! இனிமே இந்த வாயை எங்க கொண்டுபோய் வைக்க?”

வாங்க வந்தவள் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பட்டைக்காரர் ஏணி வைத்தேறிப் பலகையைக் கழற்றிச் சுவர்நோக்கிச் சாய்த்துவிட்டு, தோட்டத்தில் சென்று குந்தினார். படலங்களைப் பொறுக்கப் பொறுக்க அவை விரலிடையே நொறுங்கி, மணலினும் சிறிதாகி, வேர்களுக்குள் ஒளிந்து, வெயிலில் மட்டும் கண்சிமிட்டின.

“விடுடா, எவ்வளவுதான் பொறுக்குவ?” என்றாள் தமக்கை, தானும் அருகில் அமர்ந்து பொறுக்கியவாறே.

“தெரியலக்கா.”

பெருமக்களே, அவர் குற்றவாளி; மறுப்பார் இல்லை. ஆனால், உழைக்கும் பொருள் என்றும் புதிதாகவே மின்ன வேண்டுமென்று கேட்டுக் கேட்டு, அவர் கையில் அந்தத் தூரிகையைத் திணித்தவர் நாமல்லவா? நாளை கடையேறும்போது, ‘மேலே என்ன பூசினாய்?’ என்று உரக்கக் கேளுங்கள். ஒன்றும் பூசாதவனிடம் வாங்குங்கள். வாங்கிய பையோடு மழையில் நடங்கள். விழுகின்ற மறுவை உங்களுடையதென்று ஏற்றுக்கொள்ளுங்கள்!