அண்ணி எழுதிய குறிப்பு

வீட்டில் எனக்கு அண்ணி, அலுவலகத்தில் மேலதிகாரி. இரண்டு இடத்திலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் எந்த நோயாளிக்கு எப்போது எந்த மெஷின் என்று ஒதுக்கித் தருகிற மென்பொருள் எங்களுடையது.

நிரல் எழுத உதவும் ஏஐ எடிட்டர் கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் மூடித் திறந்தால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி விழிக்கும். தினமும் ஆதியோடந்தமாக ஒப்பிக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி அலட்டிக்கொள்ளாமல் அதனுடன் ஒரு நினைவுக் கருவியை இணைத்தார். செட்டிங்ஸ் கோப்பில் நாலு வரி, ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். மறுநாள் அது முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து பேச்செடுத்தபோது நான் வாயைப் பிளந்தேன்.

கல்லீரலைத் தாக்கும் கிருமி உள்ளவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்க, தனி மெஷின் தர வேண்டும். ஒவ்வோர் ஒதுக்கீட்டிலும் அதைச் சரிபார்க்கும் பகுதி, என் வேலையை ஆமை வேகத்துக்கு இழுத்தது. திங்கட்கிழமை மதியம் எரிச்சலில், ‘இந்தச் சரிபார்ப்பு வெறும் தண்டம், இனி வேண்டவே வேண்டாம்’ என்று எடிட்டரிடம் கொட்டித் தீர்த்தேன். மனசு ஆறியது, மறந்தும் போனேன். அது மறக்கவில்லை.

வியாழனன்று வேறொரு வேலை கொடுத்தேன். முடித்துவிட்டு, முன்பு எடுத்த முடிவின்படி அந்தச் சரிபார்ப்பையும் நீக்கிவிட்டதாக அடியில் ஒரு வரி எழுதியிருந்தது. நான் படிக்காமலே சரி என்று அழுத்தினேன். அடுத்த வாரம் அது நிலையத்துக்குப் போக வேண்டியது.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி, அந்த வாரம் கருவி எதையெல்லாம் நினைவில் வைத்தது என்று வரி வரியாகப் படிப்பார். வாத்தியாரம்மா நோட்டுத் திருத்துகிறார் என்று நாங்கள் கிண்டலடிப்போம். அன்று என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இது நீ எடுத்த முடிவா, இல்ல உன் கோபமா?”

திரையில் நான் திங்களன்று கொட்டியது முடிவாகப் பதிவாகியிருந்தது, சரிபார்ப்பு நீக்கப்பட்டதும் அதன் கீழே இருந்தது. அந்த நிலையத்தில் அந்தக் கிருமி உள்ளவர்கள் ஆறு பேர். அவர்கள் மெஷினில் வேறு யாரையாவது இணைக்க வைத்திருப்பேன்.

“கோபந்தான் அண்ணி.”

திட்டு விழும் என்று நின்றேன். அவர் சரிபார்ப்பைத் திரும்பச் சேர்த்தார், என் வரியை அழித்தார், அந்த இடத்தில் தட்டச்ச ஆரம்பித்தார்: ‘நான்கு வருடம் முன்பு இந்தச் சரிபார்ப்பை எழுதாமல் விட்டது நான். ஒரு பெண்ணுக்குத் தவறான மெஷின் ஒதுக்கப்பட்டது. ஊசி குத்துவதற்கு முன் நர்ஸ் கவனித்துத் தடுத்தார். ஆகவே இதை எடுக்கக் கூடாது.’ கீழே தன் பெயரைப் போட்டார்.

இது இத்தனை நாள் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இனி யார் கேட்டாலும் எடிட்டர் அவர் பெயரோடு சொல்லும். பெயர் எதற்கு என்று கேட்டேன்.

“இதைத் தொடாதேன்னு மட்டும் எழுதினா இன்னொருத்தனுக்கும் எரிச்சல்தான் வரும். என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா கை வைக்க மாட்டான்.”

இவரைப் போல ஒருத்தரிடம் வேலை கற்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கீபோர்டை என் பக்கம் இழுத்து, அவர் குறிப்புக்குக் கீழே நான் செய்ததை எழுதினேன். பெயரைப் போடத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.