தண்ணீர் ஊற்றியவனின் ஆட்சேபணை

அண்ணன் மரியசெல்வம் செத்து ஆறாம் மாதம், அவன் சொத்தை நிர்வகிக்க உரிமை கேட்டு அண்ணி ஷர்லி புதுக்கோட்டை கோர்ட்டில் மனுப் போட்டாள். சொத்து என்றால் கீரனூர் வீடு ஒன்றுதான். விற்றுவிட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போகப் போகிறாள். அந்த வீட்டு மாடியில் நான் இருக்கிறேன். திருச்சிக் கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலையை விட்டபிறகு எனக்கு வேறு இடம் கிடையாது.

ஆட்சேபணை இருந்தால் வரலாம் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வக்கீல் முத்துராமனிடம் போனேன்.

“தம்பிங்கிறதுக்காக மட்டும் ஆட்சேபிக்க முடியாதுங்க செம்மல். சொத்துல பங்கு இருக்கணும். அப்பா, அம்மா?”

“ரெண்டு பேரும் இல்ல.”

“கிறிஸ்தவச் சட்டப்படி புள்ளை இல்லைன்னா அண்ணிக்குப் பாதி, ஒங்களுக்குப் பாதி. வயித்துல இருந்த புள்ளை பின்னாடி பொறந்து ஒரு மூச்சு விட்டிருந்தாக்கூட ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. அது செத்தா அதோட பங்கும் ஆத்தாளுக்குத்தான். அப்படி ஏதும் உண்டா?”

“அண்ணன் போன பெறவு, ஏழு மாசக் கருவுலயே பொறந்துச்சு. செத்துத்தான் பொறந்துச்சு. ஆம்புலன்ஸ்காரங்களும் வந்தப்ப உசுரு இல்லைன்னுதான் எழுதிருக்காங்க.”

“அப்பக் கவலைய விடுங்க.” கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

நடந்தது வேறு. பகலில் தூங்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. குழந்தை பிறந்த அன்று மத்தியானம் இரண்டு பத்துக்கு ஓர் அழுகை என்னை எழுப்பியது. கீழே சமையலறைத் தரையில் அண்ணி கிடந்தாள். சேலையில் குழந்தை, நீலம் பாரித்து. வாய் திறந்து மூடியது.

“தாங்காது தம்பி. தண்ணி ஊத்துங்க. இசைவாணின்னு வைங்க.”

சாகப்போகும் குழந்தைக்கு நாங்கள் சாமியாருக்காகக் காத்திருப்பதில்லை. யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். டம்ளரில் தண்ணீர் எடுத்து, நெற்றியில் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னேன். குழந்தை பத்து நிமிடம் உயிரோடு இருந்தது.

ஆட்சேபணை போட்ட மறுநாள் அதே அழுகை எழுப்பியது. இரண்டு பத்து. அண்ணி வீட்டில் இல்லை. என் நெற்றி ஈரமாக இருந்தது. வேர்வை என்று துடைத்தேன். ஜில்லென்றிருந்தது.

தினமும் இப்படியே. கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். மேலே ஒழுகவில்லை. ஒருநாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அழுகை கேட்கவில்லை. சரியாக இரண்டு பத்துக்கு ஒரு துளி நெற்றியிலிருந்து மூக்கில் இறங்கியது.

விசாரணையன்று கோர்ட் வராந்தாவில் அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள்.

“புள்ளை அழலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாம். அப்ப மாடியில தூங்குன ஒங்கள எழுப்புனது யாரு தம்பி?”

நான் கூண்டில் ஏறியதும் அவளுடைய வக்கீல் ஒரு நகலை நீட்டினார். ஞானஸ்நானப் பதிவேடு; உயிரோடிருக்கும் பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம். கல்லறையில் அடக்கம் செய்ய, ஞானஸ்நானம் ஆனதா என்று சாமியார் கேட்டபோது, ‘கொடுத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். கோயில் புத்தகம் கோர்ட் வரை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏறுவதற்கு முன்பே, தண்ணீர் ஊற்றியதை நான் சொன்னதும், முத்துராமன் காதில் சொல்லியிருந்தார்: “எதக் காட்டுனாலும், அண்ணி மனசுக்காகச் செத்த புள்ளைக்குச் செஞ்சேன்னு சொல்லிருங்க.”

சொல்லியிருக்கலாம். பாதி வீடு மிஞ்சியிருக்கும். வாயைத் திறந்தபோது நெற்றியிலிருந்து ஒரு துளி விழுந்து நகலில் என் கையெழுத்து கரைந்தது. சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

“அழுதுச்சுங்க,” என்றேன்.

ஆட்சேபணை தள்ளுபடி. மாதக் கடைசியில் பெட்டி கட்டினேன். நெற்றி காய்ந்திருந்தது. மணி பார்த்தேன், இரண்டு பத்து. கீழே சமையலறையில் அண்ணியின் குரல் கேட்டது.

“வாரேன்டி, வாரேன்.”

வீட்டில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம்.