மூன்றாவது கேபிள்

என் வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் மூன்றாவது கேபிள் வாங்கக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனேன். அந்தக் கடைக்காரியை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்று முடிவு.

அவர் பாட்டுகளுக்கு ஒலிக்கலவை செய்கிறவர். அவர் காதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அவர் வேலைக்கு வைத்திருக்கும் இயர்போன் விலையில் ஒரு ஸ்கூட்டரே வாங்கலாம். போன வாரம் திடீரென்று, "ரைட்ல சத்தம் மந்தமா இருக்கு. கூட வந்த கேபிள் இதுக்குப் பொருந்தல" என்றார். செம்புக் கேபிள் வந்தது. மந்தம் போகவில்லை. வெள்ளி பூசியது வந்தது, அதே கதைதான். மனுஷன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அவருக்கு வலப்பக்கம் நின்று நான் முணுமுணுத்தால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தேன். "ஏம்மா, இவர் தலையில இன்னும் எத்தனை கேபிளத்தான் கட்டப்போற?"

அவள் கோபப்படவில்லை. "இருங்கக்கா" என்று இயர்போனை வாங்கி, கேபிளின் இடது முனையை வலதிலும் வலது முனையை இடதிலும் மாற்றிச் செருகினாள். "இப்பக் கேளுங்க சார். கேபிள்ல கோளாறுன்னா மந்தம் லெஃப்டுக்குப் போகணும்."

"ரைட்லயேதான் இருக்கு."

அடுத்து, இடது இயர்போனையே திருப்பி அவர் வலது காதில் அழுத்திப் பிடித்தாள். "இதுவும் மந்தமாத்தான் கேக்குது" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், உங்களுக்கு விக்கிறதுக்கு எங்கிட்ட கேபிள் இல்ல. இப்பவே காது டாக்டரப் பாக்கணும்" என்றவள், ஷட்டரை இறக்கிவிட்டு எங்களோடு வந்தாள்.

வழியில் அவரிடம் கேட்டேன். "இப்படி மாத்தி மாட்டிப் பாக்க உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். பயமா இருந்துச்சு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்காதுல பிரச்சினை. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. தள்ளிப்போட்டிருந்தா ரொம்பக் கஷ்டம். ஆனா காது பழையபடி கேக்கும்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மாத்திரை, ஊசி என்று நாட்கள் போயின. வந்த வேலையையெல்லாம் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலை அவருக்கு வலப்பக்கம் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். காலில் பழைய கேபிள் ஒன்று சிக்கியது. "கேபிளாம் கேபிள். வீடு பூரா பாம்பு மாதிரி" என்று வாய்க்குள்ளேயே முனகினேன்.

"பாம்புன்னா மிதிக்காம நட."

கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. அவரும் திகைத்துப்போய் நின்றார். "எங்க, இன்னொரு தரம் திட்டு" என்றார். அழுகையில் எனக்குத் திட்டு வரவில்லை.

கடைக்காரிக்குப் போன் போட்டு அவர் வலது காதில் வைத்தேன். "நீ நல்லா இருக்கணும், மகராசி" என்று பக்கத்தில் நின்று கத்தினேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்கிறது என்றார் அவர்.