பச்சை நூல் முடிச்சு

வேலையை விட்டு அனுப்புகிற அன்றைக்குத்தான் முதலாளிமாருக்கு நாக்கில் தேன் சுரக்கும். 1974 தை மாதம் எனக்காகவும் சுரந்தது. "சென்னிமலை மேஸ்திரிக்குக் கழுகுக் கண்ணுங்க. அவரு இல்லாத கம்பெனிய நெனச்சே பாக்க முடியலீங்க" என்றார் எங்கள் முதலாளி சிவசுப்பிரமணியம். நினைத்தே பார்க்க முடியாதவர் எதற்கு என்னை அனுப்புகிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கிற புத்தி இருந்தால் அதுகள் ஏன் பனியன் மடித்துக்கொண்டு கிடக்கின்றன? ஒரு ரோஜா மாலை, ஆறு பனியன் போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. முப்பத்தோரு வருஷம் அத்தோடு முடிந்தது.

அந்தப் பனியன் கம்பெனியில் நான் செக்கிங் மேஸ்திரி. தைத்து வருகிற பனியனைக் கையில் மாட்டி வெளிச்சத்துக்கு எதிரே விரிப்பேன். பொத்தல் இருந்தால் தூக்கிக் கடாசுவேன். சரியாக இருந்தால் கழுத்துப் பட்டிக்குள் ஒரு நூல் முடிச்சுப் போடுவேன். ஆளுக்கொரு நிறம். தப்பு வந்தால் யார் பார்த்த பீஸ் என்று தெரிய வேண்டுமே. என்னுடையது பச்சை. எதிர் மேஜையில் இருந்த மயிலாளுடையது சிவப்பு. அவிநாசிபாளையத்திலிருந்து வந்து போகிறவள். ஒரு தடவை பொத்தலைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அந்தப் பனியனை அவள் தலையிலேயே போட்டு, நாள் முழுக்க நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குருடி என்றுதான் கூப்பிடுவேன்.

ரிட்டயர் ஆனவர்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். எங்கள் வீதியில் போஸ்ட்மேனாக இருந்த சாமியப்பன் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இப்பத்தானுங்க வாழ்க்கையே ஆரம்பிச்சிருக்குது" என்றார். அறுபது வயதில் கத்தரிக்காயோடு ஆரம்பிக்கிற வாழ்க்கை! தூ.

நான் அந்த ரகமில்லை. வீட்டில் இருந்தபடி என் வேலையைச் செய்தேன். அரிசியில் கல் இருந்தது, கோலம் கோணலாக இருந்தது, கொடியில் வேட்டி ஒழுங்காகத் தொங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் சம்சாரம் ஞானாம்பாள் இரண்டு மாதம் பொறுத்தாள். "ஏனுங்க, இது ஊடுங்க. கம்பெனியில்லீங்க" என்றாள் ஒருநாள்.

சுருக்கென்றது. செக்கிங் மேஸ்திரி என்பதைக் கழித்துவிட்டால் மிச்சம் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. நானில்லாமல் கம்பெனி தடுமாறும், கூட்டிப்போக ஆள் வரும் என்று தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்தான் வந்தது.

சித்திரை வருஷப்பிறப்பன்று கம்பெனியில் கொடுத்த அந்தப் பெட்டியைப் பிரித்து ஒரு பனியனை மாட்டினேன். இலையில் சோறு போடக் குனிந்த ஞானாம்பாள், "கக்கத்துல பொத்தலுங்க" என்றாள். விரலை விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் குருடியின் வேலைதான் இது! இனி என்னைக் கூப்பிடாமல் என்ன செய்வார்கள்? பாயசம் இரண்டு தம்ளர் குடித்தேன்.

மறுநாள் காலையில் பனியனை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். செக்கிங் மேஜைகளுக்கு நடுவில் நின்று, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பொத்தலில் விரலை விட்டு ஆட்டினேன். முதலாளி ஓடி வந்தார்.

"உடுங்க மேஸ்திரி, வேற பீஸ் தரச் சொல்றனுங்க."

"பீஸு ஆருக்கு வேணுமுங்க? இத ஆரு பாத்ததுன்னு தெரியோணுமுங்க!"

கழுத்துப் பட்டியைப் புரட்டி மயிலாளின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் பார்த்தாள். முடிச்சு இருப்பது எனக்குத் தெரிந்தது, நிறம்தான் பிடிபடவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

பச்சை.

"ஞாபகமா இருக்கட்டும்னு நீங்க கடைசியாப் பாத்து முடிச்ச லாட்டுலயிருந்தே பெட்டி போடச் சொன்னனுங்க" என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு வருசமா உங்க லாட்ட மயிலா மறுக்காப் பாத்துத்தானுங்க வெளிய அனுப்புவோம். இந்தப் பெட்டி மட்டும் அவ கைக்குப் போகலீங்க."

கழுகுக் கண்ணாம். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் மட்டமாக நினைத்த ஒவ்வொருத்தரும் இரண்டு வருஷமாக என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக மூஞ்சியில் காறித் துப்பியிருக்கலாம்.

"இங்க குடுங்க மேஸ்திரி" என்று மயிலாள் பனியனை வாங்கிக்கொண்டாள். ஊசியில் வெள்ளை நூல் கோத்து, அறுந்த இழைக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். குத்தலாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது பிடித்திருப்பேன். அந்தப் பாக்கியத்தையும் அவள் தரவில்லை. பல்லால் நூலைக் கடித்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தாள்.

பழக்க தோஷம். கையில் மாட்டி வெளிச்சத்துக்கு எதிரே விரித்தேன். எங்கே தைத்தாள் என்று தேடினேன். விரலால் தடவியும் தேடினேன். கிடைக்கவில்லை. அவள் கை அவ்வளவு சுத்தமா, என் கண் அவ்வளவு மோசமா?

"செரியா இருக்குதுங்களா மேஸ்திரி?" என்று கேட்டாள்.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலீங்க அம்மிணி" என்றேன்.