மூடிய கார்டுக்குப் போன பணம்

பூட்டுக்காரர் வீட்டுக்குள் ஒரு காகிதம் நுழைந்தால், அவர் மனைவி அதில் இரண்டு ஓட்டை போட்டுக் கோப்பில் மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். கரண்ட் பில், தண்ணி பில், மிக்ஸி வாங்கிய ரசீது, அந்த மிக்ஸியைத் தூக்கிப் போட்டு ஆறு வருஷம் ஆன பிறகும் அதன் ரசீது, எல்லாம் இருக்கும். சொந்தக்காரர்கள் அவளை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கிண்டலுக்கு வைத்த பெயர்தான். போகப் போக அவளே போனை எடுத்து "ஆடிட்டர் பேசறேன்" என்று சொல்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. படித்தது என்னவோ பன்னிரண்டாவது வரைதான். வேலை, ஒரு மருந்துக் கிடங்கில் பில் போடுவது.

அப்பேர்ப்பட்ட வீட்டில் வருமான வரியை இரண்டு தடவை கட்டிவிட்டார்கள் என்றால் வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? ஆனால் ஆடிட்டர் சொன்னாள். தாராளமாகச் சொன்னாள். ஏனென்றால் கட்டியது அவள் இல்லை, அவள் புருஷன்.

நாலு மாசத்துக்கு முன்னால் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த வருஷம் கட்டவேண்டியதற்கு இரட்டிப்பாகக் கட்டியிருக்கிறீர்கள், விண்ணப்பித்தால் திருப்பித் தருகிறோம் என்று. ஆடிட்டர் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "நான்தான் ஆன்லைன்ல கட்டிட்டேனே. நீங்களும் போய்க் கட்டினீங்களா?"

அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஆமா, கவுன்டர்ல கார்டைத் தேய்ச்சுட்டேன். ஞாபகப் பிசகு" என்றார்.

"எப்போ? ரசீது எங்கே?"

"எங்கயோ விழுந்துடுச்சு."

ரசீதைத் தொலைத்தார் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கு அந்த மனுஷன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. கார்டு இருந்தால்தானே தேய்ப்பீர்கள் என்று மறுநாளே பாங்குக்கு இழுத்துப்போய் கிரெடிட் கார்டை மூட வைத்தாள். கார்டை இரண்டாக வெட்டிப் போடச் சொன்னார்கள். அவரோ, "பிளாஸ்டிக் நல்லாயிருக்கு, வேலைக்கு ஆகும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கார்டைச் செருகி ஒரு நெம்பு நெம்பினால் தாழ்ப்பாள் உள்ளே போய்விடும். அந்த வேலைக்கு கார்டுக்கு உயிர் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தையும் "தப்பு பண்ணினவரே எழுதட்டும்" என்று அவரிடமே தள்ளினாள். அவர் எழுதிக் கொடுத்தார். வரி அலுவலகமும் சொன்னபடி பணத்தை அனுப்பியது. எங்கே? மூடிய கார்டுக்கு! அது போன வேகத்தில் திரும்பி வந்தது. கார்டின் முழு எண்ணோடு பாங்கிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள் என்றது அலுவலகம். கடிதம் தர இருபத்தொரு நாள் ஆகும், அதற்கும் முழு எண் வேண்டும் என்றது பாங்க். ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஆடிட்டர் ஓட்டை போட்டு வைத்திருந்தாள், ஆனால் அதில் கடைசி நாலு எண்தான் இருந்தது, மற்றதெல்லாம் நட்சத்திரம். கார்டை வாங்கிப் பார்த்தால், நாலு மாசமாகக் கதவிடுக்கில் நுழைந்து நுழைந்து, நடுவில் இருந்த எண்கள் மழமழவென்று தேய்ந்து போயிருந்தன.

இதெல்லாம் சும்மா எரிச்சலோடு போயிருக்கும், கடை விஷயம் மட்டும் இல்லாவிட்டால். பதினெட்டு வருஷமாக அவர் சாவி அரைக்கிற கடை அது. ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், அவ்வளவுதான் இடம். கடை ஓனர் அட்வான்ஸைக் கூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மீதி அட்வான்ஸ் வராவிட்டால், பக்கத்தில் செல்போன் கவர் விற்கிறவனுக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கையில் இருப்பதையெல்லாம் துடைத்துப் போட்டாலும், வரிப்பணம் வந்தால்தான் தொகை சரியாகும். அது வராவிட்டால் கடை போச்சு.

புதன்கிழமை ஆடிட்டர் அரை நாள் லீவு போட்டு, தேய்ந்த கார்டையும் தடிமனான கோப்பையும் எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனாள். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் தேமே என்று உட்கார்ந்த பிறகு ஆறாம் கவுன்டர் கிடைத்தது. கண்ணாடி போட்ட சின்னப் பெண் கார்டை வாங்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"என் வீட்டுக்காரர் இதை வெச்சுக் கதவு திறப்பாரு."

கவுன்டர் பெண் கையிலிருந்த கார்டைச் சட்டென்று மேஜையில் வைத்தாள்.

"ஐயையோ, பூட்டு ரிப்பேர்ம்மா! திருட்டு இல்ல" என்று ஆடிட்டர் பதறினாள். "அவர் பண்ணின கூத்துதான் எல்லாம். நான் கட்டினது தெரியாம இவரும் வந்து இங்க கட்டிட்டாரு. ரசீதையும் தொலைச்சாரு. வேற வழி எதுவும் இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"கூடுதல் பணம் எந்த வழியா வந்துச்சோ அதே வழியாத்தான் திரும்பும்மா. அது விதி." அந்தப் பெண் திரையில் எதையோ இறக்கிக்கொண்டே போனாள். திடீரென்று நிறுத்தினாள். "இருங்க. கார்டுல கட்டினது பதினொண்ணாந்தேதி. பாங்க் கணக்கிலேர்ந்து ஆன்லைன்ல கட்டினது பதிமூணாந்தேதி."

"அதுக்கென்ன?"

"முதல்ல வந்ததுதான் வரி. ரெண்டாவதா வந்ததுதான் கூடுதல். உங்க வீட்டுக்காரர் ஃபார்ம்ல கார்டுல கட்டினது கூடுதல்னு எழுதியிருக்காரு. அதைச் சரிபார்க்காம நாங்களும் கார்டுக்கே அனுப்பிட்டோம். ஆன்லைன்ல கட்டினது யாரோட கணக்கு?"

ஆடிட்டர் திரையை எட்டிப் பார்த்தாள். "என்னோடது" என்றாள். பிறகு பிடித்துக்கொண்டாள். "ஆனா நான் கட்டறப்போ பாக்கின்னுதானே காட்டுச்சு!"

"கவுன்டர்ல கட்டினது ஆன்லைன்ல தெரிய மூணு நாள் ஆகும்மா. உங்க கணக்கு இப்பவும் இருக்குதானே? அப்ப கார்டே வேணாம். திருத்த மனு குடுங்க. ரெண்டாவது தடவை ஏன் கட்டினீங்கன்னு உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மூணு வேலை நாள்ல வந்துடும்."

அப்பாடா என்று இருக்கவேண்டிய இடம். ஆனால் ஆடிட்டர் அந்த மனுவை வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தவள், பேனா மூடியைக் கூடத் திறக்கவில்லை. நாலு மாசம்! நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள், தம்பியிடம் சொல்லியிருக்கிறாள், கடை ஓனரிடம், கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கடைசியில் பேனாவைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில், "கணவர் முன்பே கட்டியதைத் தெரிவிக்காததால்" என்று எழுதினாள். எழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது.

எழுதி முடித்ததும்தான் அந்தப் பதினொன்றாம் தேதி ஞாபகம் வந்தது. அது எப்படி மறக்கும்? அன்றைக்குத்தான் அவள் போட்ட ஒரு பில்லில் ஒரு பூஜ்யம் கூடிப்போய், மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடாமல், சமையலறை மேடையில் பில் கட்டை வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேறு எங்காவது பூஜ்யம் கூடியிருக்குமோ என்ற பயம். வாசற்படியில் நின்று அவர் என்னவோ சொன்னார். வரி என்று ஒரு வார்த்தை. கையில் ஒரு துண்டுச் சீட்டு. அவள் திரும்பிப் பார்க்காமல், "ம்ம், அங்க வையுங்க" என்றாள்.

சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார்!

ஆடிட்டர் மனுவை நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கவுன்டருக்குப் போனாள். "இன்னொரு ஃபார்ம் குடும்மா. இதுல தப்பா எழுதிட்டேன்." புது மனுவில், "கணவர் ஏற்கெனவே கட்டிவிட்டதாகச் சொன்னதை நான் காதில் வாங்காமல் மறுபடி கட்டிவிட்டேன். தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி வாக்கியம் தேவையில்லை என்று கவுன்டர் பெண் சொன்னாள். இருக்கட்டும் என்றாள்.

அவள் கடைக்குப் போனபோது அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சாவி ஒன்றை அரைத்துக்கொண்டிருந்தார். மெஷின் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க முதல்ல கட்டியிருக்கீங்க. நான்தான் ரெண்டாவது."

அவர் சாவியை ஊதித் தூளைத் தட்டினார். "கண்டுபிடிச்சுட்டியா?"

"தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சேவா நாலு மாசம் வாயைப் பொத்திட்டு இருந்தீங்க? ஏங்க?"

அவர் சாவிகள் தொங்கும் பலகைக்குப் பின்னால் கைவிட்டு, நாலாக மடித்த ரசீதை எடுத்து அவளிடம் கொடுத்தார். பதினொன்றாம் தேதி, முத்திரையோடு. "அன்னிக்கு நீ வாங்கலை. சரி, இங்க கொண்டு வந்து வெச்சேன். லெட்டர் வந்தப்போ தேதியை எடுத்துப் பார்த்தேன். உன் கூட வேலை பார்க்கிற பொண்ணு, அதுக்குள்ள இங்க சாவி போட வந்திருந்தா. ஒரு பூஜ்யத்துக்காக உன்னை நிக்க வெச்சுக் கேட்டாங்களாமே. நீ வீட்ல சொல்லவே இல்ல."

அவள் ரசீதின் மடிப்பை விரலால் நீவினாள்.

"அங்க ஒரு தப்பு. வீட்லயும் ஒண்ணு வேணுமான்னு தோணுச்சு. என்னை எல்லாரும் மறதிக்காரன்னுதானே சொல்றாங்க, இன்னொண்ணு சேர்ந்தா என்ன? நீ கார்டை மூடச் சொல்லுவேன்னு நான் என்னத்தைக் கண்டேன்!"

"கடை போயிருந்தா?"

"இன்னிக்கு ராத்திரி சொல்லியிருப்பேன்" என்றார். ஒரு நொடி கழித்து, "சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எழுந்திரிங்க, ஓனரைப் பார்க்கணும். பணம் வர திங்கட்கிழமை ஆயிடும்" என்றாள்.

ஓனர் மாடியில்தான் குடியிருந்தார். பனியனோடு கதவைத் திறந்து, இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். திங்கட்கிழமை என்று கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "மறுபடியும் உங்க வீட்டுக்காரர் என்ன சொதப்பினாரு?"

பூட்டுக்காரர் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார். "அது வந்துங்க, நான்தான் ஃபார்ம்ல..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ஆடிட்டர். "சார், இவர் தேதி தவறாமக் கட்டிட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு. நான்தான் காதுல வாங்காம மறுபடி கட்டினேன். பழியை இவர் மேல போட்டு உங்ககிட்டயும் வந்து சிரிச்சேன். தப்பு மொத்தமும் என்னோடது. மனுவோட நகல் இந்தா இருக்கு, சீல் போட்டது. படிச்சுப் பாருங்க."

ஓனர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் பூட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். "ஆடிட்டரே எழுதிக் குடுத்துட்டாங்களா! சரி, திங்கட்கிழமை சாயங்காலம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

கீழே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் போனை எடுத்து நாத்தனாருக்கு, "அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும், நான்தான்..." என்று தட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் அவர் ஏதோ சொன்னார்.

"ம்ம்" என்றாள்.

நாலு எட்டு நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போனைப் பைக்குள் போட்டாள். நடுத்தெருவில் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. அந்தக் கார்டைத் திருப்பிக் குடு, காலையில ஒரு கதவு திறக்கணும்னேன்."

அவள் பையைத் துழாவிக் கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "காலையில எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.