எரிமலையான் பற்றி என் மேலான கருத்து

என் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதனால் என்னைக் காமிக்ஸ் அலுவலகத்தில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டினார்கள். வழக்கம்தான். கருத்து அச்சாகிற வாசகர், அந்த இதழ் விற்றுத் தீருகிற வரைக்கும் தன் கருத்தின் பக்கத்திலேயே இருக்கவேண்டும். யாராவது வந்து விளக்கம் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

என் பெயர் தவசிலிங்கம். ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். மற்ற நேரத்தில் காமிக்ஸ் படித்துக் கருத்து எழுதுகிறேன். எந்தக் கதையைக் கொடுத்தாலும், இது எந்தப் பழைய கதையின் சாயல் என்று மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிடுவேன். தவசிலிங்கத்தின் வாயை அடைக்க இன்னும் ஒரு கதை பிறக்கவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த மாதம் வந்தது எரிமலையானின் 'தண்ணீர்ச் சிறை'. எரிமலையானுக்கு உள்ளங்கையிலிருந்து தீ வரும். வில்லன் அவரை ஒரு இரும்புத் தொட்டியில் அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிறான். நனைந்த கையில் தீ வராது. அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே எழுதினேன். "இது நாங்கள் என்றோ படித்த 'கிணற்றுக்குள் கர்ஜனை'. அதே தண்ணீர். அதே நனைந்த கை. அடுத்த இதழில் அதே வழிப்போக்கன் வந்து அதே வால்வைத் திருகிக் காப்பாற்றுவான். எங்கள் காதில் இன்னும் எத்தனை முறை பூ சுற்றுவீர்கள்?"

எடிட்டர் அருஞ்சுனை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒல்லியான மனிதர். பேசும்போது என்னைப் பார்க்காமல் என் கருத்தையே பார்த்துப் பேசினார்.

"நீங்க சொன்னது நியாயம் அண்ணாச்சி. வழிப்போக்கனை எடுத்தாச்சு."

"எங்க எடுத்தீங்க?"

"கதையில இருந்துதான். கணக்கை முடிச்சு அனுப்பிட்டோம். நேத்தே ஊருக்குப் போயிட்டாரு."

"அப்போ எரிமலையானை யாரு காப்பாத்துவா?"

"யாரும் காப்பாத்த மாட்டாங்க. அதான் புதுசு."

டீயைக் குடித்து முடித்தேன். சுவருக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முன்பே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"யாரு குளிக்கிறது?" என்றேன்.

"அவருதான். பாக்கிறீங்களா?"

பக்கத்து அறைதான் என்றார். நடந்தோம். நடக்க நடக்க நடைவழி நீண்டது. இரண்டு பக்கமும் பழைய இதழ்களின் அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அட்டைகள் திரும்பவும் முதலிலிருந்து வந்தன. இதை ஏற்கனவே பார்த்தாயிற்றே என்றேன். வாசகர்கள் கேட்கிறார்களே என்று மறுபதிப்புப் போட்டோம், அதனால் நடைவழியும் நீண்டுவிட்டது என்றார் எடிட்டர். அவர் குரலில் வருத்தம் இல்லை.

அறை முழுக்க அந்த இரும்புத் தொட்டிதான். பக்கவாட்டில் முக உயரத்தில் சின்னக் கம்பி ஜன்னல் இருந்தது. உள்ளே எரிமலையான் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் முழங்கால் வரை வந்திருந்தது. சிவப்பு முகமூடியின் சாயம் கன்னத்தில் வழிந்திருந்தது. படத்தில் பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தார்.

"வருக நண்பரே!" என்றார். "தாங்கள்தானே வாசகர் தவசிலிங்கம்? தங்கள் கடிதத்தைப் படித்தேன். சிறப்பான நடை."

"நன்றிங்க."

"ஒரே ஒரு ஐயம். வழிப்போக்கன் எப்போது வருவான்?"

எடிட்டர் கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"அவரு வரமாட்டாருங்க," என்றேன்.

"ஆ!" என்றார் எரிமலையான். முழங்காலைத் தொட்டிருந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாது, நண்பரே. எல்லாக் கதையிலும் எவரேனும் வந்துவிடுவார்கள். ஆகையால் கற்றுக்கொள்ளவில்லை."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மனிதன் சாகும்படி நான் எழுதவில்லை. சுவாரசியமாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

கருத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று எடிட்டரிடம் சொன்னேன்.

"அச்சானதை எப்படி அண்ணாச்சி வாபஸ் வாங்க முடியும்? வேணும்னா மாத்துக் கருத்துச் சொல்லுங்க."

"பழைய சாயல் இருந்தாலும் கதை அருமை. வழிப்போக்கன் கட்டாயம் வரணும்."

எடிட்டர் உதட்டைப் பிதுக்கினார். "இதையே சாத்தூர் வாசகர் ஒருத்தர் போன வருசம் சொல்லிட்டாரு. ஒங்க கருத்துல அவரு சாயல் அடிக்குது."

"கதை சுமார். ஆனா ஆளைக் காப்பாத்துங்க."

"இது கோவில்பட்டிக்காரர் சொன்னது."

"ஐயா, காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், அவரை விட்டுருங்க."

"இது வில்லனோட அம்மா சொல்ற வசனம். பதினோராம் பக்கம்."

இதற்குள் அறைக்கு வெளியே வாசகர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து கம்பி ஜன்னலில் முகத்தை வைத்துக் கருத்துச் சொன்னார்கள். அட்டைப்படம் பிரமாதம் என்றார் ஒருவர். தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் நீலம் போட்டிருக்கலாம் என்றார் இன்னொருவர். எரிமலையான் எல்லோருக்கும் கை கூப்பினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. எங்கள் ஊரில் நகராட்சித் தண்ணீர் இவ்வளவு ஒழுங்காக வந்து நான் பார்த்ததே இல்லை.

"தண்ணியையாவது நிறுத்துங்க," என்றேன்.

"தண்ணி வில்லன் பொறுப்பு. நாங்க தலையிடுறதில்ல."

"வழிப்போக்கன் வந்தாத்தானே பழசு? வேற யாராவது வந்தா?"

எடிட்டர் முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

"வாசகர் வந்து காப்பாத்தின கதை இதுவரைக்கும் இல்ல," என்றார் மெதுவாக. "நீங்க இறங்கலாம்."

சட்டை நனைந்தால் வீட்டில் ஏச்சு விழும். கழற்றி ஆணியில் மாட்டினேன். கடைக்கு எடுத்துப்போகிற டிபன் கேரியரைக் கீழே வைத்தேன். மேல் மூடி வெளியிலிருந்து திறந்தது. உள்ளே இறங்கியதும் தானாக மூடிக்கொண்டது. தண்ணீர் ஐஸாக இருந்தது. வால்வு தொட்டிச் சுவரில், தண்ணீருக்கடியில், தொடை உயரத்தில் இருந்தது. குனிந்து திருகினேன். தண்ணீர் நிற்கவில்லை. தலைக்கு மேல் மூடி அகலத் திறந்தது. கையை எடுத்தேன். மூடி உடனே சாத்திக்கொண்டது.

"பிடிச்சுக்கிட்டே இருக்கணும்," என்று எடிட்டர் ஜன்னல் வழியாகச் சொன்னார். "பழைய கதையில வழிப்போக்கன் பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. நீங்க படிச்சிருப்பீங்களே."

படித்திருந்தேன். எரிமலையான் வெளியே குதித்ததோடு கதை முடிந்துவிடும். வால்வைப் பிடித்திருந்தவன் என்ன ஆனான் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வேறு எந்த வாசகரும் கேட்டதில்லை.

மறுபடி திருகிப் பிடித்துக்கொண்டேன். எரிமலையான் என் தோளில் கால் வைத்து ஏறினார். போகும் முன் தன் முகமூடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினார்.

"படத்தில் எவரேனும் இருக்கவேண்டும் அல்லவா?" என்றார். வெளியே குதித்தார். இந்த உடையில் தெருவில் போக முடியாது என்று என் சட்டையைப் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார்.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்," என்றார். அவர் பேச்சு மாறியிருந்தது. நல்ல மனிதர், வந்துவிடுவார் என்று நம்பினேன். முகமூடியைக் கழற்றப் பார்த்தேன். அது போஸ்டர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இப்போது கருத்தெல்லாம் என்னைப் பற்றி. புது எரிமலையானுக்குத் தொப்பை என்றார்கள். வால்வைப் பிடிக்கிற கை சரியாக வரவில்லை என்றார்கள். ராஜபாளையத்திலிருந்து வந்த ஒருவர், இவன் சாகிறது கதைக்கு நல்லது என்று பொறுமையாக விளக்கினார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. ஒரு கையால் வால்வை எட்டிப் பிடிக்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது.

பிறகு ஜன்னலில் என் மனைவி சீனித்தாய் முகத்தை வைத்தாள்.

அவள் காமிக்ஸ் படிக்கிறவள் இல்லை. பின்னால் எரிமலையான் என் சட்டையோடு நின்றார். அவள் பையை அவர் பிடித்திருந்தார்.

"சீனி!" என்று கத்தினேன். "நான்தான்!"

அவள் உற்றுப் பார்த்தாள். எடிட்டர் பக்கம் திரும்பினாள்.

"இவரு எங்க வீட்டுக்காரரு சாயலா இருக்காரே."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க," என்றார் எடிட்டர்.

"நான்தாம்ளா ஒன் வீட்டுக்காரன்! அவன் வேற ஆளு! ஒங்க அண்ணன் பேரு சேர்மக்கனி. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுல நீ காப்பியில உப்புப் போட்ட. நான் வாயைத் திறக்காம குடிச்சேன்."

"அந்தக் கதைய அவரு ஊரெல்லாம் சொல்லியிருக்காரு," என்றாள். "அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க."

"மச்சு அலமாரிச் சாவி அரிசி டின்னுல இருக்கு!"

"இதையும்தான் சொல்லுவாரு. யாரு வந்தாலும் சத்தமாச் சொல்லுவாரு."

எரிமலையான் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் பேசியதெல்லாம் ஒன்றுவிடாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது. எதைச் சொன்னாலும் அது பழைய வசனமாக இருந்தது. நான் எவ்வளவுக்கு நானாக இருந்தேனோ அவ்வளவுக்குப் போலியாகத் தெரிந்தேன்.

"நல்லாத்தான் செய்றாரு," என்று எடிட்டரிடம் சொன்னாள். "ஆனா புதுசா ஒண்ணும் இல்ல."

ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கப் போனாள். தண்ணீர் தோளைத் தொட்டது.

"சீனி, எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

அவள் நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"பயமா இருக்கு. போயிராத. என் கூடவே நில்லு."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"இப்ப நல்லாத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் எடிட்டரிடம். "எங்க வீட்டுக்காரரு செத்தாலும் இப்படிச் சொல்ல மாட்டாரு. ஒரு நாளும் சொன்னதில்ல. இவரு வேற ஆளு."

"அப்போ கருத்து?"

"இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. பாவம். இவரையே போடுங்க."

எடிட்டர் சரி என்றார். "நாழியாச்சு சீனி, பஸ்ஸு போயிரும்," என்றார் எரிமலையான், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. என் குரல் அவருக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது.

"ஒரு நிமிசம் இருங்களேன்," என்றாள் அவரிடம். "இவரு இன்னும் என்னமோ சொல்ல வாராரு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவளிடம் இதுவரை சொல்லாததை எல்லாம் சொல்லத் தொடங்கினேன். அவள் காய்ச்சலில் கிடந்தபோது நான் கடைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். பச்சைப் புடவையில் அவள் அழகாக இருப்பதைச் சொன்னேன். தண்ணீர் வாய்க்குள் வர வர, துப்பிவிட்டுத் துப்பிவிட்டுச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கேட்டு அவள் அழுதாள். ஒவ்வொன்றையும் கேட்டு, நான் அவள் புருஷன் இல்லை என்று இன்னும் உறுதியாகத் தலையாட்டினாள்.